இசொலீனா என்று இங்கே யாரும் இல்லை

ஐந்து ஏழானது. ஏழு பத்தானது. எல்லாம் ஒன்பதே நாளில்.

முதல் நாள் காலை, லிஸ்பனுக்குப் போகிற ஐந்தே முக்கால் பஸ்ஸில் யாரோ சொன்னார்கள்: குடியுரிமைக்கு மனுப் போட இனிமேல் ஐந்து வருஷம் போதாதாம், ஏழு வருஷம் இந்த நாட்டில் குடியிருந்திருக்க வேண்டுமாம். சொன்னது யார் என்று கேட்டால் முன் சீட்டுக்காரர்கள் பின் சீட்டைக் காட்டினார்கள். பின் சீட்டுக்காரர்கள், இதற்கு முந்தின பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள் என்றார்கள். ஒரு வாரத்துக்குள் ஏழு பத்தாகிவிட்டது. அதோடு விட்டார்களா என்றால் அதுவும் இல்லை. நிரந்தரக் குடியிருப்பு அட்டை வைத்திருப்பவர்களும் பரீட்சை எழுத வேண்டுமாம். போர்ச்சுகலை ஆண்ட ராஜாக்களை ஒருவர் விடாமல் வரிசையாகச் சொல்ல வேண்டுமாம். உப்புக்கருவாட்டை எத்தனை விதமாகச் சமைக்கலாம் என்று ஒரு கேள்வி கட்டாயம் உண்டாம். இதையெல்லாம் கேட்டவர்களில் ஒருவராவது சட்டப் புத்தகத்தைக் கண்ணால் பார்த்தவர் இல்லை. ஆனால், அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து அமல் என்பதில் மட்டும் எல்லா வதந்தியும் ஒரே குரலில் பேசியது.

லிஸ்பனுக்கு வெளியே அத்திமர மேட்டில் குடியிருக்கும் நேனா விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். அவள் இந்த மாதத்தோடுதான் ஐந்து வருஷத்தை முடித்திருந்தாள்.

நேனாவுக்கு வயது ஐம்பத்து நாலு. ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் கடலில் இருக்கும் கேப் வெர்தேயில், சந்தியாகோ தீவின் மலைப்பக்கத்துக்காரி. இங்கே வந்து பதினோரு வருஷம் ஆகிறது. முதல் ஆறு வருஷம் கையில் ஒரு காகிதமும் கிடையாது. போலீஸ் வண்டியைக் கண்டால் பக்கத்துச் சந்தில் புகுந்து, செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொள்வாள். குனிந்து குனிந்தே இடுப்பு பிடித்துக்கொண்டது, அரசாங்கம்தான் வைத்தியச் செலவு தர வேண்டும் என்பாள். பிறகு ஒரு ஹோட்டல் சலவைக்கூடத்தில் வேலை கிடைத்தது. ஈரப் படுக்கை விரிப்பை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, கொதிக்கும் உருளைக்குள் கொடுக்க வேண்டும். மறுபக்கம் அப்பளம் மாதிரி வெளியே வரும். அந்த வேலைதான் அவளுக்கு முதல் அட்டையை வாங்கிக் கொடுத்தது. போன வாரம் நிரந்தர அட்டையும் வந்துவிட்டது.

மேட்டுக்குக் கீழே ரயில் பாதையோரம் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு சரிவு இருக்கிறது. அதில் மக்காச்சோளமும் துவரையும் போட்டிருக்கிறாள். எங்கள் கேப் வெர்தே ஆட்களுக்கு ஒரு முழம் மண்ணைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. சோளத்தையும் பயறையும் சேர்த்துப் பெரிய பானையில் மணிக்கணக்கில் வேக வைப்பாள். அவள் பானை கொதித்தால் மூன்று தெருவுக்கு வாசம் போகும். வாசத்தின் பின்னாலேயே ஆட்களும் வருவார்கள்.

அந்தப் பானைதான் அவளுடைய ஆசையும். அவள் தங்கை லோலா இருபது வருஷமாக நெதர்லாந்தில், ராட்டர்டாமில் இருக்கிறாள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை நடத்துகிறாள். இரண்டு அடுப்பு. "ஒண்ணு எனக்கு, ஒண்ணு உனக்கு. உன் அடுப்பப் பத்த வைக்காமலே வெச்சிருக்கேன்க்கா" என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் சொல்வாள். நிரந்தர அட்டையை வைத்துக்கொண்டு அங்கே விருந்தாளியாகப் போகலாம். மூன்று மாதம் உட்கார்ந்து சாப்பிடலாம். நின்று சமைக்க முடியாது. அதற்குப் போர்ச்சுகல் குடியுரிமை வேண்டும்; அது இருந்தால் ஐரோப்பாவில் எங்கேயும் வேலை செய்யலாம்.

"பத்து வருஷம்னா எனக்கு அம்பத்தொம்பது ஆயிரும். அதுக்கப்புறம் அவங்க பேப்பரப் பாத்து முடிக்க ரெண்டு மூணு வருஷம்" என்று சலவைக்கூடத்தில் கணக்குப் போட்டாள் நேனா. "அப்ப அடுப்பு இருக்கும், முழங்கால் இருக்காது."

நல்லவேளையாக ஒரு காரியம் செய்திருந்தாள். நான்கு மாதமாகத் தினமும் சாப்பாட்டு நேரத்தில் போன் அடித்து, பதிவு அலுவலகத்தில் நேரம் வாங்கி வைத்திருந்தாள். இந்த மாதம் இருபத்தாறாம் தேதி, புதன்கிழமை, காலை பத்து இருபது. அதைத் தவறவிட்டால் அடுத்தது அக்டோபர். வதந்தி உண்மையோ பொய்யோ, புதன்கிழமைக்குள் எல்லாக் காகிதமும் கையில் இருந்தால் பழைய விதியிலேயே மனு விழுந்துவிடும். அவளிடம் இருந்த காகிதங்களை, ஹோட்டலில் கழித்துப் போட்ட தலையணை உறை ஒன்றைச் இஸ்திரி போட்டு, அதற்குள் வைத்திருந்தாள். இன்னும் கைக்கு வராதவை இரண்டுதான்: பிறப்புச் சான்று, ஊர்ப் போலீஸ் கொடுக்கும் நன்னடத்தைச் சான்று. இரண்டையும் ஊரில் மாமன் மகன் ஒர்லாந்தோ வாங்கிவிட்டான்.

வாங்கியவன் தபாலில் போட மாட்டான். எங்கள் ஆட்கள் தபாலை நம்புவதில்லை. ஊரிலிருந்து யார் விமானம் ஏறினாலும் அவர் பெட்டியில் பாதி அடுத்தவர் சாமான்தான் இருக்கும். ஒர்லாந்தோவும் லிஸ்பன் வழியாகப் பிரான்சுக்குப் போகிற ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரைப் பிடித்து, இரண்டையும் ஒரு காகித உறையில் போட்டுக் கொடுத்தான். அரசாங்கக் காகிதம் ஆயிற்றே என்று உறையின்மேல் அழகான கையெழுத்தில் முழுப்பெயரையும் எழுதினான்: இசொலீனா செமேதோ வரேலா, அத்திமர மேடு.

இங்கேதான் காரியம் கெட்டது.

எங்களுக்கு இரண்டு பெயர். ஒன்று ஞானஸ்நானத்துக்கும் போலீசுக்கும். மற்றது வாழ்வதற்கு. பிறந்த குழந்தையின் நிஜப் பெயரைச் சத்தமாகச் சொன்னால் சூனியக்காரி காதில் விழுந்துவிடும் என்று அந்தக் காலத்தில் வீட்டுப் பெயர் வைத்தார்கள். சூனியக்காரிகள் போய்விட்டார்கள், பழக்கம் போகவில்லை. மேட்டில் நேனா என்றால் கைக்குழந்தைக்கும் தெரியும். இசொலீனா என்றால் நேனாவே ஒரு நிமிஷம் யோசிப்பாள்.

சனிக்கிழமை சாயந்திரம் நேனா பானையைக் கிளறிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுத் திதா தட்டோடு வந்தாள். பதினோரு வருஷச் சிநேகிதி. மீன் சந்தையில் கூவி விற்கிற தொண்டை. ரகசியம் சொன்னாலும் தெருக்கோடிக்குக் கேட்கும்.

"இன்னைக்கு ஒருத்தன வெரட்டி விட்டேன் பாரு!" என்றாள் திதா. "பழுப்புக் கோட்டு, கக்கத்துல ஃபைலு, மூக்குக் கண்ணாடி. மொகத்தப் பாத்தாலே கோர்ட்டு ஆளுன்னு தெரியுது. நம்ம பாஷைகூடப் பேசல. ஏட்டுல இருக்கற மாதிரிப் பேசறான். 'அம்மணி, இன்னார் இங்கே வசிக்கிறாரா'ன்னு."

"நீ என்ன சொன்ன?"

"நான் என்ன புதுசாவா சொல்லப்போறேன்? அந்தப் பேர்ல இங்க யாரும் இல்ல, இருந்ததும் இல்ல, இனிமே வரப்போறதும் இல்லன்னேன். டீக்கடையில போய்க் கேட்டான். அங்கயும் அதே. நான் கண்ணக் காட்டிட்டேன்ல!"

நேனா சிரித்தபடி அவள் தட்டில் ஒரு கரண்டி கூடவே போட்டாள். மேட்டில் அதுதான் வழக்கம். முழுப்பெயரைச் சொல்லிக்கொண்டு ஃபைலோடு வருகிறவன் நல்ல சேதி கொண்டுவந்ததாகச் சரித்திரமே இல்லை. கடன்காரன், கோர்ட்டு, இல்லாவிட்டால் குடியேற்றப் போலீஸ். நேனாவையும் அந்த ஆறு வருஷம் இப்படிப்பட்ட பொய்கள்தான் காப்பாற்றின.

"பாவம், யாரத் தேடி வந்தானாம்?"

"யாருக்குத் தெரியும்? இசொலீனாவாம். இசொலீனா செமேதோவோ என்னமோ."

கரண்டி பானையின் விளிம்பிலேயே நின்றது.

"வரேலாவா?"

"ஆமா, வரேலா. ஒனக்கு எப்படித் தெரியும்?"

"திதா, அது நான்தாண்டி."

"எது நீ?"

"இசொலீனா."

திதா வாயிலிருந்ததை விழுங்க மறந்தாள். "நீயா? பதினோரு வருஷமா நேனா நேனான்னு சொல்லிட்டு, திடீர்னு இசொலீனாங்கற? இத மொதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?"

"நீ கேட்டியா?"

நேனாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கோபமும் வந்தது. திதா மேல் கோபப்பட வழியில்லை, அவள் நன்றிக்குரிய பொய்யைத்தான் சொல்லியிருந்தாள். அதனால் ஊரில் இருந்த ஒர்லாந்தோவுக்குப் போன் போட்டுப் பிடிபிடியென்று பிடித்தாள். அவன் சொன்ன விவரம் இவ்வளவுதான்: வாத்தியார் பெயர் எவுசேபியோ. அவருடைய போன் இங்கே வேலை செய்யாது. செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் பிரான்சுக்குப் போகிறார். அதுவரை ஆற்றுக்கு அக்கரையில் தங்கை மகள் வீட்டில் இருப்பார். அவள் பெயர் கொதே.

"கொதேவா? முழுப் பேரு?"

"அது யாருக்குத் தெரியும்? கொதேதான்."

கொதே என்றால் கடைக்குட்டி. எங்கள் ஆட்களில் வீட்டுக்கு ஒரு கொதே உண்டு. அக்கரையில் மட்டும் ஆயிரம் கொதே தேறும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நேனாவும் திதாவும் முடிவெட்டுகிற தோயின் கடைக்குப் போனார்கள். தோய்க்கு மேட்டில் வைத்த பெயர் ரேடியோ. ஐந்தை ஏழாக்கியதில் அவனுக்குப் பங்கு இல்லாமல் இருக்கலாம். ஏழைப் பத்தாக்கியது அவன் நாற்காலிதான் என்று நேனாவுக்குச் சந்தேகமே இல்லை.

"ஒன் வாயால எத்தன பேர் தூக்கம் கெட்டிருக்கு. அந்த வாயால எனக்கு ஒரு நல்லது செய்யி" என்றாள். விஷயத்தைச் சொன்னாள்.

தோய் கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு யோசித்தான். "அக்கா, ஒங்க கவரு காணோம்னு சொன்னா ஐயோ பாவம்னு சொல்லிட்டுப் போயிருவாங்க. அந்தச் சேதி இந்தத் தெருவத் தாண்டாது. கொஞ்சம் காரம் போடணும்."

"காரம் போடு, வெஷம் போட்ராத" என்றாள் திதா.

அன்றைக்கு அவன் கடைக்கு வந்த எல்லோர் காதிலும் தோய் சொன்னது இதுதான்: அக்கரையில் கொதே என்பவள் வீட்டில் எவுசேபியோ என்று ஒரு வாத்தியார் இறங்கியிருக்கிறார், அவர் கையில் இருக்கிற காகிதம் கிடைத்தால் புதன்கிழமைக்குள் பழைய விதியிலேயே மனுப் போட்டுவிடலாம். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்று இன்றுவரை சாதிக்கிறான்.

திங்கட்கிழமை மத்தியானம் சலவைக்கூடத்தில் உருளையின் மறுமுனையில் நின்ற பெண் கேட்டாள்: "ஒனக்குச் சேதி தெரியுமா நேனா? அக்கரையில ஒரு வாத்தியார் பழைய விதியில குடியுரிமை வாங்கித் தராராம். மீன் அங்காடிக்குப் பின்னால, பச்சை வீடு. தெருவரைக்கும் வரிசை நிக்குதாம்."

நேனா விரிப்பை அப்படியே விட்டாள். அது உருளைக்குள் கோணலாகப் போய்ச் சிக்கிக்கொண்டது. மேற்பார்வைக்காரி கிராசியெத் கத்தினாள். அங்கே சேர்ந்ததிலிருந்து நேனா வேலை முடியும் முன் ஏப்ரனைக் கழற்றியது அன்று ஒருநாள்தான்.

படகுத்துறையில் திதா காத்திருந்தாள். இருவரும் ஆற்றைத் தாண்டி, மீன் அங்காடிக்குப் பின்னால் போனார்கள். பச்சை வீட்டை யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. வாசலிலிருந்து தெருமுனை வரை இருபது பேருக்கு மேல் நின்றார்கள். கேப் வெர்தேக்காரர்கள், கினியாக்காரர்கள், தலையில் துணி கட்டிய ஒரு உக்ரைன்காரிகூட இருந்தாள். நேனா நேராகக் கதவுக்குப் போனாள்.

"வரிசையில வாங்கக்கா" என்றான் கதவருகே நின்றவன். "நாங்க என்ன வேலவெட்டி இல்லாமயா நிக்கிறோம்?"

"தம்பி, என்னோட பேப்பர் அவர்கிட்ட இருக்குப்பா!"

"எல்லாரோட பேப்பரும் அவர்கிட்டதான் இருக்காம். பின்னால போங்க."

திதா தொண்டையைச் செருமினாள். நேனா அவள் கையை அழுத்தினாள். சண்டை போட்டால் வாத்தியார் பயந்து கதவைச் சாத்திவிடுவார். தன் பிறப்புச் சான்றுக்காகத் தானே வரிசையின் கடைசியில் போய் நின்றாள் நேனா. ஒன்றரை மணி நேரம் நின்றாள். வெளியே வருகிறவர்கள் யாரும் வெறுங்கையோடு வரவில்லை என்பதுதான் விசித்திரம். ஒவ்வொருவர் கையிலும் சிவப்பு மையால் திருத்திய ஒரு படிவம் இருந்தது.

உள்ளே போன பிறகுதான் விஷயம் புரிந்தது. நான் அரசாங்க ஆள் இல்லை என்று காலையிலிருந்து வாத்தியார் சொல்லிச் சொல்லிப் பார்த்திருக்கிறார். மனுஷன் காதும் காதும் வைத்த மாதிரி செய்கிறார், அதனால்தான் இல்லையென்கிறார் என்று இவர்கள் புரிந்துகொண்டார்கள். யாரோ ஒருவன் தன் மனுப் படிவத்தை நீட்டியிருக்கிறான். அதில் பிறந்த தேதி இருக்க வேண்டிய இடத்தில் செருப்பு அளவு எழுதியிருந்ததாம். முப்பத்தாறு வருஷம் பாடம் நடத்திய கை அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்குமா? சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டார். அன்றிலிருந்து அக்கரையிலிருந்து போன மனுக்கள் திரும்பி வருவது குறைந்துவிட்டது என்கிறார்கள். அதுவும் வதந்தியாக இருக்கலாம்.

"அடுத்தவர். படிவம் எங்கே?" என்றார் நிமிராமல்.

"படிவம் இல்லங்க வாத்தியாரையா. நான் இசொலீனா செமேதோ வரேலா."

அவர் நிமிர்ந்தார். முதலில் நேனாவைப் பார்த்தார். பிறகு அவளுக்குப் பின்னால் நின்ற திதாவைப் பார்த்தார். திதா கூரையைப் பார்த்தாள்.

"அப்படி ஒருவர் இல்லை, இருந்ததும் இல்லை, இனிமேல் வரப்போவதும் இல்லை என்று இந்த அம்மணிதான் எனக்குச் சொன்னார்."

"தப்புதாங்க. நீங்க கோட்டுப் போட்டிருந்தீங்க" என்றாள் திதா. வாழ்க்கையில் முதல்முறையாக அவள் குரல் தெருவுக்குக் கேட்கவில்லை.

நேனா நிரந்தர அட்டையை எடுத்து நீட்டினாள். வாத்தியார் அட்டையில் இருந்த ஒவ்வொரு எழுத்தையும் உறையில் இருந்த எழுத்தோடு வைத்துப் பார்த்தார். "வீட்டில் உங்களை எப்படி அழைப்பார்கள்?" என்று கேட்டார்.

"நேனா."

அவர் ஏட்டு மொழியைக் கீழே போட்டார். "அத எழுதியிருந்தா சனிக்கிழமையே வேல முடிஞ்சிருக்குமேம்மா. ஒர்லாந்தோ பய பள்ளிக்கூடத்துலயும் இப்படித்தான். கேட்டதுக்குப் பதில் எழுத மாட்டான், அழகா எழுதுவான்" என்றார். முழுப்பெயருக்குக் கீழே சிவப்பு மையில் 'நேனா' என்று எழுதி உறையை அவளிடம் கொடுத்தார். நேனா அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அங்கேயே அழுதாள். அவளுக்கு வெட்கமாக இல்லை. வரிசையில் மிச்சமிருந்தவர்கள், அந்த அக்காவுக்குக் கிடைத்துவிட்டது என்று கை தட்டினார்கள்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கே இருவரும் பதிவு அலுவலகத்தில் இருந்தார்கள். திதா அன்று மீன் சந்தைக்கு லீவு போட்டு, தேவாலயத்துக்குப் போகிற பச்சைக் கவுனில் வந்திருந்தாள். பத்து இருபதுக்கு நேனாவின் எண் வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் தலையணை உறையைப் பார்த்து ஒரு நொடி திகைத்தாள். பிறகு காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள். எல்லாம் இருந்தன.

நேனாவால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "ஏம்மா, அடுத்த மாசத்துலருந்து பத்து வருஷமாமே? ராஜாக்கள் பேரெல்லாம் கேப்பாங்களாமே? நான் பாதி வரைக்கும் படிச்சிட்டேன்."

"நானும் பஸ்லதாங்க கேள்விப்பட்டேன்" என்றாள் அந்தப் பெண். "எனக்குக்கூடப் பாதி ராஜா தெரியாது. இன்னைக்கு விதி அஞ்சு வருஷம். இன்னைக்கு நீங்க குடுத்திருக்கீங்க. போய் உக்காருங்க, முத்திரை போட்ட ரசீதுக்குப் பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க."

உட்கார்ந்தார்கள். நேனாவின் மனசு அதற்குள் ராட்டர்டாமுக்குப் போய், இரண்டாவது அடுப்பின் மேல் எந்தப் பானையை வைக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தது. ரசீது வந்தபிறகு இன்னும் இரண்டு வருஷம் ஆகலாம். ஆகட்டும். முடிவு தெரிகிற காத்திருப்பு அவளுக்குப் பழக்கமில்லாத சுகமாக இருந்தது.

உள்ளே ஒரு கதவு திறந்தது. பழுப்புக் கோட்டுப் போட்ட அலுவலர் ஒருவர் கக்கத்தில் ஃபைலோடு வந்து நின்று, ஏட்டில் இருக்கிற மாதிரி உரக்கக் கேட்டார்.

"இசொலீனா செமேதோ வரேலா என்பவர் இங்கே இருக்கிறாரா?"

கூடத்தில் யாரும் அசையவில்லை. பழக்கதோஷம், நேனாவும் அசையவில்லை. செருப்பு வாரைச் சரிசெய்யப் பாதி குனிந்தேவிட்டாள்.

பக்கத்தில் திதா துள்ளி எழுந்தாள். மீன் சந்தைத் தொண்டை முழுசாகத் திறந்தது. கண்ணாடிகள் அதிர்ந்தன, வாசல் காவலாளி ஓடி வந்தான்.

"இருக்காங்க! இங்கதான் இருக்காங்க! பதினோரு வருஷமா இங்கயேதான் இருக்காங்க!"